பைக்கில் வேலைக்குப் போகும் தம்பிகளுக்கு ஒரு ஃபிட்டர் எழுதுவது

கிண்டி திரு.வி.க. தொழிற்பேட்டையில் ஒரு சிறிய பட்டறையில் நான் ஃபிட்டர். வீடு ஊரப்பாக்கத்தில். போக 25 கிலோமீட்டர், திரும்பி வர 25. இந்த ஓட்டத்தை 2008-இல் தொடங்கினேன்; கத்திப்பாரா மேம்பாலம் முழுமையாகத் திறக்கப்பட்டதும் அந்த ஆண்டில்தான். முதல் வண்டி 13 ஆண்டுகள் உழைத்து ஓய்ந்தது. இப்போது ஓட்டுவது 2021-இல் வாங்கிய ஸ்பிளெண்டர். வாரத்துக்கு ஆறு நாள், ஆண்டுக்கு ஏறத்தாழ 15,000 கிலோமீட்டர்.

எங்கள் பட்டறையில் இந்த ஆண்டு மூன்று பையன்கள் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வந்து சேர்ந்திருக்கிறார்கள். மறைமலைநகர், கூடுவாஞ்சேரி, முடிச்சூர் என்று மூவருமே என் வழித்தடத்துப் பிள்ளைகள். மூவரிடமும் புது வண்டி. வேலையை மெதுவாகச் சொல்லிக் கொடுத்துக்கொள்ளலாம். சாலையைப் பற்றி உடனே சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. அவர்களைப் போலத் தினமும் ஐம்பது, அறுபது கிலோமீட்டர் ஓட்டி வேலைக்குப் போகிற எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு காலையில், இரும்புலியூர் தாண்டியதும் எனக்கு இருபதடி முன்னால் ஒரு பையன் விழுந்தான். ஷேர் ஆட்டோ ஒன்று ஆளை ஏற்ற நின்றது. அதன் பின்னாலேயே ஒட்டி வந்தவன் பிரேக்கை ஒரே அடியாக அடித்தான். முன்சக்கரம் வழுக்கி, வண்டி ஒரு பக்கமும் அவன் ஒரு பக்கமுமாகப் போனார்கள். நாங்கள் இரண்டு மூன்று பேர் ஓடிப்போய் அவனை ஓரத்தில் உட்கார வைத்தோம். பையிலிருந்த டிபன் பாக்ஸ் திறந்து எலுமிச்சைச் சாதம் சாலையில் சிதறிக் கிடந்தது. வலது முழங்கைத் தோல் முழுதும் உரிந்திருந்தது. அவன் வலியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. “அண்ணா, மணி என்ன?” என்று கேட்டான். ஏழரை என்றேன். “ஏழே முக்காலுக்குக் கேட் மூடிவிடுவார்கள்” என்று சொல்லிக்கொண்டே எழுந்திருக்கப் பார்த்தான்.

அந்தக் கேள்வியை என்னால் மறக்க முடியவில்லை. அதனால்தான் டயரைப் பற்றியும் பிரேக்கைப் பற்றியும் பேசுவதற்கு முன் நேரத்தைப் பற்றிப் பேசுகிறேன்.

வீட்டை விட்டுப் புறப்படும் நேரம்

எனக்கு வேலை 8 மணிக்கு. வீட்டிலிருந்து 6.40-க்குக் கிளம்புகிறேன். அந்த நேரத்தில் புறப்பட்டால் 55 நிமிடத்தில் சேர்ந்துவிடலாம். 7.10-க்குப் புறப்பட்ட நாட்களில் அதே தூரத்துக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆகியிருக்கிறது. பள்ளி வேன்கள், கம்பெனி பஸ்கள், தெற்கிலிருந்து வந்து சேரும் வெளியூர் வண்டிகள் எல்லாம் அந்த அரை மணி நேரத்தில்தான் எங்கள் வழியான ஜி.எஸ்.டி. சாலையில், அதாவது சென்னையிலிருந்து தெற்கே போகும் பெருஞ்சாலையில், இறங்குகின்றன. அரை மணி நேரம் முன்னால் எழுந்தால் சாலையில் இருபது நிமிடம் மிச்சம். மனத்துக்குக் கிடைக்கும் அமைதி வேறு.

நீங்கள் வண்டி எடுக்கப்போகும் வழியில் முதல் வாரமே இதைச் செய்து பாருங்கள். ஒருநாள் வழக்கமான நேரம், ஒருநாள் பதினைந்து நிமிடம் முன்னால், ஒருநாள் அரை மணி நேரம் முன்னால் என்று கிளம்பி, போய்ச் சேர்ந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வழித்தடத்திலும் கூட்டம் திரளும் ஒரு நேரம் உண்டு. அதற்குப் பத்து நிமிடம் முன்னால் அந்த இடத்தைக் கடந்துவிட வேண்டும். எனக்கு அந்த இடம் பெருங்களத்தூர். ஏழு மணிக்குள் தாண்டிவிடுவேன்.

தாமதமாகிவிட்டால் வேகத்தில் ஈடுகட்டலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. தடையே இல்லாத 5 கிலோமீட்டர் சாலை கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 கிலோமீட்டர் வேகத்தில் போனால் 6 நிமிடம். 70-இல் போனால் 4 நிமிடம் 17 விநாடி. மிச்சம் இரண்டு நிமிடம்கூட இல்லை. குரோம்பேட்டையிலோ பல்லாவரத்திலோ ஒரே ஒரு சிகப்பு விளக்கு விழுந்தால் அதுவும் போயிற்று.

இன்னொன்று. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே மேற்பார்வையாளரிடம் பேசிவிடுங்கள். பெருமழை நாளில் அரை மணி தாமதமாகும், மாலையில் அதைச் செய்து கொடுத்துவிடுகிறேன் என்று நான் கேட்டுக்கொண்டேன். அவரும் ஒத்துக்கொண்டார். எல்லா இடத்திலும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்தான். ஆனாலும் கேளுங்கள். சம்பளம் பிடித்தாலும் பரவாயில்லை என்று மனத்தளவில் முடிவு செய்துவிட்டால்கூடக் கை தானாக ஆக்சிலரேட்டரைத் தளர்த்தும்.

கிளம்புமுன் மூன்று நிமிடம்

வண்டியைச் சுற்றி ஒரு முறை நடந்து வருவேன். தரையில் எண்ணெய்ச் சொட்டு இருக்கிறதா, டயரில் ஆணி ஏறியிருக்கிறதா, பின்னால் சிகப்பு விளக்கு எரிகிறதா என்று பார்ப்பேன். பிரேக் விளக்கைப் பார்க்க ஆளைக் கூப்பிட வேண்டாம். சுவரை ஒட்டி வண்டியை நிறுத்திப் பிரேக்கை மிதித்தால் சுவரில் சிகப்பு வெளிச்சம் விழும்.

டயரைக் கையால் அமுக்கிப் பார்த்துக் காற்று இருக்கிறது என்று முடிவு செய்யாதீர்கள். பாதிக் காற்று போன டயரும் விரலுக்குக் கல் போலத்தான் இருக்கும். வாரம் ஒரு முறை, வண்டி சூடாகுமுன், பெட்ரோல் பங்கில் அளவு பார்த்துக் காற்றுப் பிடியுங்கள். என் வண்டிக்கு நான் தனியாகப் போகும்போது காற்றழுத்தம் முன்னால் 25 பி.எஸ்.ஐ., பின்னால் 28. பின்னால் ஆள் உட்கார்ந்தால் பின்சக்கரத்துக்கு இன்னும் கூடுதலாக வேண்டும். உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்று வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கும். டயரின் பள்ளங்களுக்கு நடுவே ஆங்காங்கே சிறு மேடுகள் வைத்திருப்பார்கள். ரப்பர் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. அதோடு ஒரு மழைக்காலத்தை ஓட்டிவிடலாம் என்று நினைக்கவே கூடாது.

செயினைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்; பையன்கள் மூவருமே இதைப் பார்ப்பதில்லை. என் வண்டியில் செயின் முழுவதும் தகர மூடிக்குள் இருக்கிறது. மூடியில் ஒரு ரப்பர் அடைப்பான் உண்டு. அதைப் பிடுங்கிவிட்டு, ஆள்காட்டி விரலை உள்ளே விட்டுச் செயினை மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். ஓர் அங்குலம் அளவுக்கு ஆட வேண்டும். அதோடு விட்டுவிடாதீர்கள். நடு ஸ்டாண்டில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு, பின்சக்கரத்தைக் கால் சுற்று கால் சுற்றாகக் கையால் திருப்பி, நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். செயின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேய்வதில்லை. ஓரிடத்தில் தொளதொளவென்று ஆடும், இன்னோரிடத்தில் விறைப்பாக நிற்கும். அந்த விறைப்பான இடத்தை வைத்துத்தான் செயினைச் சரிசெய்ய வேண்டும். தளர்ந்த இடத்தைப் பார்த்து இறுக்கினால், விறைப்பான இடம் வரும்போதெல்லாம் கியர்ப் பெட்டியின் பேரிங்கை அது இழுக்கும். இரண்டு இடத்துக்கும் வித்தியாசம் அதிகமாகிவிட்டால் செயினையும் இரண்டு பற்சக்கரங்களையும் சேர்த்தே மாற்றுங்கள். செயினை மட்டும் மாற்றினால் பழைய பல் புதுச் செயினைச் சீக்கிரமே தின்றுவிடும். எஞ்சின் ஓடும்போது செயினுக்கு அருகில் விரலைக் கொண்டு போகாதீர்கள். பட்டறைத் தொழிலில் விரலை இழந்தவர்களை எனக்குத் தெரியும்.

கிளட்ச் பிடியின் நுனியில் ஒரு விரல் கனத்துக்கு விளையாட்டு, அதாவது கிளட்ச் வேலை செய்யத் தொடங்குமுன் பிடி சும்மா ஆடும் இடம், இருக்கட்டும். இரு கண்ணாடிகளும் இருக்க வேண்டும். உங்கள் தோள் தெரியும்படி வைக்காமல், பின்னால் வரும் சாலை தெரியும்படி திருப்புங்கள். ஓட்டுநர் உரிமம், காப்பீடு, புகைச் சான்று எல்லாவற்றையும் கைப்பேசியில் டிஜிலாக்கர் என்ற அரசுச் செயலியில் ஏற்றிவிட்டால் மழையில் நனையும் கவலை இல்லை.

தலைக்கவசம் ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதாக இருக்கட்டும். போடாவிட்டால் தமிழ்நாட்டில் அபராதம் 1,000 ரூபாய். அபராதத்துக்குப் பயந்து வாங்குகிறவர்கள்தான் வாரைப் பூட்டாமல் ஓட்டுகிறார்கள். பூட்டாத தலைக்கவசம், விழும்போது தலைக்கு முன்னால் தரைக்குப் போய்விடும். வாருக்கும் தாடைக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் அளவுக்கு இறுக்குங்கள். ஒரு முறை பலமாக அடிபட்ட தலைக்கவசத்தை மறுபடி போடாதீர்கள். வெளியே கீறல்தான் தெரியும். உள்ளே இருக்கும் தெர்மோகோல் நசுங்கியிருக்கும். அடியை வாங்கிக்கொள்வது அதுதான்.

சாலையில்

2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்ததிலிருந்து என் முதல் இரண்டு கிலோமீட்டரே மாறிவிட்டது. இரவெல்லாம் பஸ்ஸில் தூங்கி வந்து இறங்கியவர்கள் பெட்டியும் குழந்தையுமாகச் சாலையைக் கடக்கிறார்கள். அவர்களில் பலருக்கு இந்த ஊர் புதிது. அந்த இடத்தில் என் வேகம் 30-ஐத் தாண்டாது. உங்கள் வழியிலும் இப்படி ஓர் இடம் இருக்கும்: பள்ளி வாசல், சந்தை, பஸ் நிலையம். அங்கே வேகத்தைக் குறைப்பது உங்களுக்கு ஒரு நிமிடச் செலவு.

எந்த வண்டியின் பின்னால் போனாலும் இரண்டு விநாடி இடைவெளி விடுங்கள். முன்னால் போகும் வண்டி ஒரு மின்கம்பத்தைத் தாண்டும்போது மனத்துக்குள் “ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு” என்று எண்ணுங்கள். எண்ணி முடிக்குமுன் நீங்கள் அந்தக் கம்பத்தைத் தாண்டினால் மிகவும் ஒட்டிப் போகிறீர்கள். 50 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு விநாடிக்கு 14 மீட்டர் ஓடுகிறது. ஆபத்தைக் கண்டு, கை பிரேக்குக்குப் போகுமுன்பே அந்த 14 மீட்டர் கழிந்துவிடும். இரும்புலியூரில் விழுந்த பையனுக்கு முன்னால் அந்த இடம் இருக்கவில்லை. இடைவெளி விட்டால் அதற்குள் நான்கு பேர் நுழைகிறார்களே என்பார்கள். நுழையட்டும். மறுபடி இடைவெளி விடுங்கள். நான்கு பேர் நுழைந்தால் நீங்கள் எட்டு விநாடி பின்தங்குவீர்கள், அவ்வளவுதான்.

பஸ், லாரி, கண்டெய்னர் இவற்றின் இடப்பக்கம் இருக்கும் சந்துக்குள் போகாதீர்கள். அந்த வண்டியின் பக்கக் கண்ணாடியில் ஓட்டுநரின் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால் அவருக்கும் உங்களைத் தெரியாது. நீண்ட வண்டி இடப்பக்கம் திரும்பும்போது முன்சக்கரம் அகலமாக வளைந்து போகும். பின்சக்கரமோ உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். இருசக்கர வண்டிக்காரர்கள் மாட்டிக்கொள்வது அந்த உள்பக்கத்தில்தான். சிக்னலில் நிற்கும்போதும் பெரிய வண்டியின் மூக்குக்கு நேர் கீழே போய் நிற்காதீர்கள். உயரத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்த இடம் தெரியாது.

பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரத்தில் பெரும்பகுதி முன்னால் சாயும். அதனால் வண்டியை உண்மையில் நிறுத்துவது முன் பிரேக். சிறு வயதில் சைக்கிளில் முன் பிரேக்கைப் பிடித்துக் குப்புற விழுந்த பயத்தில் பலர் அதைத் தொடுவதே இல்லை. இரண்டையும் சேர்த்துப் பிடியுங்கள். முன்னால் பிடிக்கும்போது துணியைப் பிழிவது போல, முதலில் மென்மையாக, பிறகு இறுக்கமாக. புதுச் சிறு வண்டிகளில் பின் பிரேக்கை மிதித்தாலே முன் பிரேக்கும் கொஞ்சம் பிடிக்கும்படி செய்திருக்கிறார்கள். நல்ல ஏற்பாடு, ஆனால் அதை நம்பிக் கையைச் சும்மா வைத்திருக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆளில்லாத ஒரு தெருவில் 30 வேகத்தில் போய்த் திடீரென்று நிறுத்தப் பழகுங்கள். பத்து முறை செய்தால் கை கற்றுக்கொள்ளும்.

சூரியனையும் கணக்கில் வையுங்கள். ஜி.எஸ்.டி. சாலை தென்மேற்கிலிருந்து வடகிழக்காகப் போகிறது. வைகாசி, ஆனி மாதங்களில் காலை வெயில் எதிரே சற்று வலப்பக்கமாக வந்து கண்ணில் விழும். மார்கழி, தை மாதங்களில் வீடு திரும்பும்போது மாலை வெயில் அதே வேலையைச் செய்யும். உங்கள் கண்ணில் வெயில் விழும்போது முன்னால் போகும் வண்டியின் பிரேக் விளக்கு தெரியாது. அந்த நாட்களில் இரண்டு விநாடியை மூன்றாக்குகிறேன். தலைக்கவசத்தின் முகக் கண்ணாடியில் கீறல் விழுந்திருந்தால் வெயிலிலும் எதிர் வண்டி வெளிச்சத்திலும் ஒவ்வொரு கீறலும் ஒரு கோடாக மின்னும். கண்ணாடியை மட்டும் தனியாக வாங்கி மாற்றிக்கொள்ளலாம். கறுப்புக் கண்ணாடி வேண்டாம். மாலை ஏழு மணிக்கு அதோடு ஓட்ட முடியாது.

கைப்பேசி பைக்குள் இருக்கட்டும். தலைக்கவசத்துக்கும் காதுக்கும் நடுவே செருகிக்கொண்டு பேசுவது வேண்டவே வேண்டாம். வீட்டில் என் மனைவியிடம் சொல்லி வைத்திருக்கிறேன்: நான் எடுக்கவில்லை என்றால் ஓட்டிக்கொண்டிருக்கிறேன் என்று பொருள், ஓரமாக நிறுத்திவிட்டு நானே கூப்பிடுவேன்.

மழை

ஐப்பசியிலும் கார்த்திகையிலும் ஓட்டுவது தனி வேலை. மழைக்காலம் முழுவதும் ஆபத்துதான் என்றாலும், நெடுநாள் வெயிலுக்குப் பிறகு வரும் முதல் தூறலுக்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன். மாதக்கணக்கில் சாலையில் சிந்திய எண்ணெயும் டயர்த் தூசியும் நீரோடு கலந்து முதல் பதினைந்து, இருபது நிமிடங்களுக்குச் சாலை சோப்புப் போட்டது போலிருக்கும். கனமாகப் பெய்து கழுவிவிட்ட பிறகு டயருக்குப் பிடிப்பு கொஞ்சம் திரும்பும். எனவே தூறல் தொடங்கியதும் விரட்டாதீர்கள். ஒரு டீக்கடையில் ஒதுங்குங்கள். ஆனால் மேம்பாலத்தின் அடியில் சாலையிலேயே கூட்டமாக நிற்காதீர்கள். மழையில் கண்ணாடி மங்கி வருகிற லாரிக்கு அந்தக் கூட்டம் கடைசி நொடியில்தான் தெரியும்.

வெள்ளைக் கோடு, பாதாளச் சாக்கடை மூடி, பாலத்தின் இரும்பு இணைப்பு, சாலை வேலைக்குப் போட்டிருக்கும் இரும்புத் தகடு ஆகிய நான்கின் மேலும் ஈரத்தில் பிரேக் பிடிக்கக் கூடாது, கியர் மாற்றக் கூடாது, வண்டியைச் சாய்க்கக் கூடாது. முன்கூட்டியே வேகத்தைக் குறைத்து, நேராக, சீராகத் தாண்ட வேண்டும். இதை நான் 2013-இல் கற்றேன். பரங்கிமலை அருகே கட்டுமான வேலைக்காகப் போட்டிருந்த ஒரு தகட்டின் மேல் வண்டி ஏறியபோது முன்னால் ஒரு கார் நின்றது. நான் முன் பிரேக்கைத் தொட்டேன். அழுத்தவில்லை, தொட்டேன், அவ்வளவுதான். கைப்பிடி என் கையிலிருந்து யாரோ பறித்தது போலப் போயிற்று. கிடந்த இடத்தில், முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் அந்தத் தகட்டைப் பார்த்தேன். மேலே ஓடிய டயர்கள் தேய்த்துத் தேய்த்து அது கண்ணாடி போல மின்னியது. நீர்த்துளிகள் அதில் நிற்காமல் உருண்டன. தொழிலில் தினமும் இரும்பை இழைத்து வழவழப்பாக்குகிறவன் நான். அந்த மினுமினுப்புக்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். இடது மணிக்கட்டில் எலும்பு விரிசல், ஆறு வாரம் வேலை இல்லை.

மழைக்கோட்டு தனித்தனியாகச் சட்டையும் கால்சட்டையுமாக இருக்கட்டும். தொங்கும் அங்கி காற்றில் பறந்து சக்கரத்தில் சிக்கும். கறுப்பு வேண்டாம், மஞ்சளோ ஆரஞ்சோ வாங்குங்கள், முதுகில் ஒளிரும் பட்டை இருந்தால் நல்லது. மாற்றுச் சட்டை ஒன்றையும் காலுறை ஒன்றையும் பிளாஸ்டிக் பையில் சுற்றிப் பட்டறையிலேயே வைத்துவிட்டேன். ஈரச் சாக்ஸோடு எட்டு மணி நேரம் நின்றால் கால் ஊறிவிடும்.

தேங்கிய நீரில் இறங்குமுன் நின்று பாருங்கள். எதிரே வரும் வண்டியின் சக்கரத்தில் நீர் எதுவரை ஏறுகிறது என்று பார்த்தால் ஆழம் தெரியும். சக்கரத்தின் நடு அச்சுக்கு மேல் நீர் இருந்தால் நான் திரும்பிவிடுவேன். குறைவாக இருந்தால் முதல் கியரில், ஆக்சிலரேட்டரை விடாமல் பிடித்து, கிளட்சைப் பாதி பிடித்தபடி நடுச்சாலையில் மெதுவாகப் போங்கள். ஓரத்தில்தான் மூடியில்லாத சாக்கடை இருக்கும். வெளியே வந்ததும் இரண்டு பிரேக்கையும் லேசாகப் பிடித்தபடி நூறடி ஓட்டுங்கள். உள்ளே போன ஈரம் காயும். நடு நீரில் வண்டி நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யவே செய்யாதீர்கள். எஞ்சினுக்குள் நீர் புகுந்திருந்தால், காற்றைப் போல அது அமுங்காது. பிஸ்டன் மேலே வந்து முட்டி, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். தள்ளிக்கொண்டு போய் மெக்கானிக்கிடம் விட்டால் பிளக்கைக் கழற்றி, நீரை வெளியேற்றி, ஆயிலை மாற்றித் தருவார். செலவு சில நூறு ரூபாயோடு போகும்.

2015 டிசம்பர் 1-ஆம் தேதி இரவு நாங்கள் ஐந்து பேர் பட்டறையிலேயே தங்கினோம். வண்டிகளைப் பலகை வைத்துச் சரக்கு ஏற்றும் மேடையில் ஏற்றிவிட்டோம். அடையாற்று வெள்ளம் ஈக்காட்டுத்தாங்கல் பக்கம் புகுந்ததை மறுநாள்தான் அறிந்தோம். அந்த இரவில் எப்படியாவது வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்று கிளம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன். அதற்குப் பிறகு ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன்: கனமழை எச்சரிக்கை வந்தால் வண்டியை ஊரப்பாக்கம் ரயில் நிலையத்தில் நிறுத்திவிட்டு மின்சார ரயிலில் கிண்டிக்குப் போய்விடுவேன். கடற்கரையிலிருந்து தாம்பரம்வரை 1931-லேயே மின்சார ரயில் ஓடத் தொடங்கிய தடம் இது, நம் சாலையை ஒட்டியே போகிறது. பைக் வைத்திருப்பதற்காகத் தினமும் பைக்கில்தான் போக வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

உடம்பு

அக்னி நட்சத்திரத்தில் அரைக்கைச் சட்டையோடு ஓட்டாதீர்கள். முழுக்கைப் பருத்திச் சட்டைதான் குளிர்ச்சி. விழுந்தாலும் தோலுக்கு ஒரு மறைப்பு. கிளம்புமுன் ஒரு செம்பு தண்ணீர், போய்ச் சேர்ந்ததும் ஒரு செம்பு. சாலையில் தாகம் தெரியாது, தலைவலியாகத்தான் தெரியும். தலைக்கவசத்தின் உள் துணியைக் கழற்ற முடிந்தால் ஞாயிறுதோறும் துவைத்துப் போடுங்கள். நாற்றத்துக்காகவே அதைக் கழற்றிக் கையில் மாட்டிக்கொண்டு ஓட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

முதுகுவலி வருகிறது என்றால் பெரும்பாலும் பைதான் காரணம். டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில், கருவிகள் என்று ஐந்து கிலோவை முதுகில் சுமந்துகொண்டு இரண்டு மணி நேரம் குலுங்கினால் வலிக்காமல் என்ன செய்யும்? பையை முதுகிலிருந்து இறக்கிப் பின் இருக்கையில் ரப்பர் கயிற்றால் கட்டுங்கள். தொங்கும் வார்களை உள்ளே செருகிவிடுங்கள். மனைவியையோ அம்மாவையோ அழைத்துப் போகும்போதும் கிளம்புமுன் சேலைத் தலைப்பும் துப்பட்டாவும் செருகியிருக்கிறதா என்று நீங்களே திரும்பிப் பாருங்கள். அவர்களுக்கும் தலைக்கவசம் வேண்டும். நான்கு வயதுக்குட்பட்ட குழந்தை என்றால் ஓட்டுபவரோடு இணைக்கும் வார்ப்பட்டையும் குழந்தைக்கான தலைக்கவசமும் சட்டப்படி கட்டாயம். வேகம் 40-ஐத் தாண்டக் கூடாது.

செலவைக் கேட்டான் கூடுவாஞ்சேரிப் பையன். என் வண்டி லிட்டருக்கு 60 கொடுக்கிறது. நாளுக்கு 50 கிலோமீட்டர், மாதம் 26 நாள் என்றால் 22 லிட்டர். லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தால் 2,200. இதோடு ஆயில், டயர், செயின், காப்பீடு என்று மாதம் 500 ரூபாயைத் தனியாக எடுத்து வைக்கச் சொன்னேன். தேய்ந்த டயரை மாற்றக் கையில் காசில்லாமல் ஓட்டுகிற நிலை யாருக்கும் வரக் கூடாது.

யாராவது விழுந்தால்

நில்லுங்கள். உங்கள் வண்டியைப் பின்னால் வரும் வண்டிகளுக்குத் தெரியும்படி, இண்டிகேட்டர் எரிய, ஓரமாக நிறுத்துங்கள். 108-ஐக் கூப்பிடுங்கள், இடத்தைச் சொல்லும்போது பக்கத்துக் கடைப் பெயரையோ மேம்பாலத் தூண் எண்ணையோ சேர்த்துச் சொல்லுங்கள். விழுந்தவர் மூச்சுவிடுகிறார் என்றால் தலைக்கவசத்தைப் பிடித்து இழுக்காதீர்கள், கழுத்தில் அடிபட்டிருக்கலாம். ஆளைத் தூக்கி ஆட்டோவில் மடக்கிப் போடுவதும் அதே காரணத்தால் ஆபத்து. உதவி செய்தவரைப் பெயர் சொல்லும்படியோ சாட்சி சொல்லும்படியோ கட்டாயப்படுத்தக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்திலேயே இருக்கிறது. மருத்துவமனையில் பணம் கேட்பார்களோ என்ற பயமும் வேண்டாம். தமிழ்நாட்டில் விபத்தில் அடிபட்டவர் யாராக இருந்தாலும், திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கான செலவை அரசு ஏற்கும் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் 2021 டிசம்பரிலிருந்து நடப்பில் இருக்கிறது.

உங்கள் ரத்த வகையையும் வீட்டு எண்ணையும் ஒரு சீட்டில் எழுதித் தலைக்கவசத்தின் உள்ளே ஒட்டிவையுங்கள். கைப்பேசி பூட்டியிருந்தால் யாருக்கும் அது பயன்படாது.

இரும்புலியூர்ப் பையனை அன்று ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டு, அவன் கம்பெனி எண்ணைக் கேட்டு நானே பேசினேன். எடுத்தவர் நல்ல மனிதர். கேட்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், முதலில் ஆள் எப்படி இருக்கிறான் என்றுதான் கேட்டார். அதை அவனிடம் சொன்னபோதுதான் அவன் அழுதான்.

திரும்பும்போது

மாலைப் பயணத்தை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. காலையில் அவசரம் கெடுக்கிறது என்றால், மாலையில் களைப்பு கெடுக்கிறது. எட்டு மணி நேரம் மெஷின் சத்தத்தில் நின்ற காது ஹாரனைத் தாமதமாகத்தான் கேட்கும். வேலை முடிந்ததும் உடனே வண்டியில் ஏறாதீர்கள். முகம் கழுவி, ஒரு டீ குடித்து, பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுக் கிளம்புங்கள். ஓவர்டைம் செய்த இரவில் கண் சொருகினால் வண்டியை நிறுத்திவிட்டுக் கொஞ்சம் நடந்து வாருங்கள்; பாட்டுப் போட்டுக்கொண்டு சமாளிக்க முடியாது. இரவில் எதிரே வரும் வண்டிக்கு விளக்கைத் தாழ்த்துங்கள். அவர் தாழ்த்தாவிட்டால் அந்த வெளிச்சத்தைப் பார்க்காமல் சாலையின் இடது ஓரத்தைப் பார்த்து ஓட்டுங்கள். வண்டலூருக்குப் பிறகு மாடுகள் சாலை நடுவே படுத்திருக்கும். கறுப்பு மாடு பக்கத்தில் வரும்வரை தெரியாது.

மீனம்பாக்கம் பக்கத்தில் விளக்குகளோடு தாழ இறங்கும் விமானம், பல்லாவரம் மலை மேல் கடைசி வெளிச்சம், முதல் மழைக்குப் பிறகு வண்டலூர்க் காட்டிலிருந்து வரும் மண் வாசனை. 17 ஆண்டுகளாக இவை எனக்குச் சலிக்கவில்லை. சிக்னலில் நிற்கும்போது பாருங்கள், ஓடும்போது வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் சைடு ஸ்டாண்டை மடக்கிவிட்டு, வண்டியை நடு ஸ்டாண்டில், தெருவைப் பார்த்தபடி திருப்பி நிறுத்துங்கள். ஈரத் தலைக்கவசத்தைத் தலைகீழாகக் கவிழ்க்காமல், காற்றுப் போகும்படி ஆணியில் மாட்டுங்கள். சைலன்சர் கொதித்துக்கொண்டிருக்கும், அது ஆறும்வரை குழந்தைகளை வண்டிப் பக்கம் விடாதீர்கள்.